வலி நின்ற இடம்

நோயாளியின் குறிப்பேட்டில் "வயிற்று வலி" என்று மட்டும் எழுதி மூடிவிடுவது ஆபத்தான வழக்கம். குடல்வால் அழற்சியின் வலி பெரும்பாலும் கொப்பூழைச் சுற்றியே தொடங்குகிறது; சில மணி நேரத்தின் பின் வலப்புற அடிவயிற்றுக்கு இறங்கி அங்கே நிலைகொள்கிறது. அழுத்தும்போது நோவு மிகும் அவ்விடத்தை நியூயோர்க் அறுவை மருத்துவர் சார்ல்ஸ் மக்பேர்னி 1889 இல் வரையறுத்துக் காட்டினார்.

உலக சுகாதார நிறுவனத்தின் பத்தாவது நோய்ப் பகுப்பில் மேல்வயிற்று வலிக்கு ஆர் 10.1, அடிவயிற்று வலிக்கு ஆர் 10.3, இடம் குறிக்கப்படாத வலிக்கு ஆர் 10.4 என்பன குறியீடுகள். நேயர்களுக்கு வியப்பாயிருக்கலாம்: அப்பகுப்பு வலப்புறம், இடப்புறம் என்று பிரிப்பதில்லை. அமெரிக்க மருத்துவமனைகள் 2015 முதல் கையாளும் விரிவிலேயே அவை 10.31, 10.32 எனப் பிரிகின்றன. கடும் அழற்சி உறுதியானதும் வலியின் குறியீடு விலக, நோய்க்குரிய கே 35 அவ்விடத்தைப் பெறும்.

ஆயினும், வலி இடம்பெயர்ந்த கதையைக் கூற இவற்றுள் எந்த எண்ணும் இல்லை. எந்நேரம் எங்கே தொடங்கியது, எந்நேரம் எங்கே வந்தது என்பதை மருத்துவரே எழுத வேண்டும். இரவில் பார்த்தவர் அவ்விரு வரிகளை எழுதாது சென்றால், காலையில் வருபவர் நோயாளியின் நினைவையே நம்ப வேண்டியிருக்கும். நோயாளியோ வலிநீக்கி மருந்தின் மயக்கத்தில் உறங்கிக்கொண்டிருப்பார்.