பாடும் பணமும்



எங்க ஊர் பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பம். அங்கே முறை வைத்து வலை போடும் உரிமைக்குப் 'பாடு' என்று பெயர். பாடு இல்லாத நாளில் வருமானமும் இல்லை. அந்தப் பயத்தில், வேலைக்குச் சேர்ந்ததும் டிவிடெண்ட் தரும் இண்டெக்ஸ் ஃபண்டில் போட்டு, வந்ததை அப்பாவுக்கு அனுப்பினேன்.

பிறகுதான் புரிந்தது. பத்து ரூபாய் யூனிட்டில் ஒரு ரூபாய் கொடுத்தால் யூனிட் ஒன்பதாகிவிடும். அது நம்ம பணமேதான். எப்போது, எவ்வளவு வரும் என்பதும் நிச்சயமில்லை. 2020 ஏப்ரல் முதல் அது நம் வருமானத்தோடு சேர்கிறது. எனக்கு முப்பது சதவீத வரி. 'குரோத்' வகையில் விற்றால்தான் வரி. ஓராண்டு தாண்டி விற்றால், 2024 ஜூலை 23 முதல், ஆண்டு லாபத்தில் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம்.

அப்பாகிட்ட சொன்னேன். "குஞ்சு மீனை விட்டாத்தானேடா பெருசாகும்?" என்றார்.

இப்போது குரோத்தில் இருக்கிறேன். ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் தனியாக இருக்கிறது. சந்தை சரிந்தாலும் அப்பாவுக்குப் பணம் நிற்காது. வரி கட்டும் அளவு வருமானமில்லாத பெரியவர்களுக்குக் கணக்கு வேறு. தம்பிகளே, முதல் சம்பளத்திலேயே இதை யோசியுங்கள்.