முதியோருக்கு ஒதுக்கிய வீடும் மற்றவர் உரிமையும்

ஏழைகளுக்கு அரசு செலவில் வாடகை வீடு என்னும் ஏற்பாடு, அமெரிக்காவில் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தால் வேரூன்றியது. முதியோரும் வயதில் இளைய மாற்றுத்திறனாளிகளும் பல்லாண்டுகள் ஒரே அடுக்குமாடியில் குடியிருந்தார்கள். இருவர் வாழ்க்கையும் ஒத்துப்போகாத இடங்களில் பூசல் வளர்ந்தது. 1992இல் நாடாளுமன்றம் ஒரு வழி திறந்தது: உள்ளூர் வீட்டுவசதி வாரியம் ஒரு குடியிருப்பை முதியோருக்கோ மாற்றுத்திறனாளிகளுக்கோ இருவருக்கும் சேர்த்தோ ஒதுக்கலாம். 1996இல் நடைமுறை எளிதானது. வாரியம் தரும் திட்டத்துக்கு மத்திய வீட்டுவசதித் துறை 60 நாளில் பதில் சொல்ல வேண்டும்; ஒப்புதல் 5 ஆண்டு செல்லும்.

ஒருவருக்கு ஒதுக்கினால் இன்னொருவருக்குக் கதவு அடைபடும். அந்த இன்னொருவர் பெரும்பாலும் காத்திருப்போர் பட்டியலில் நிற்கும் மாற்றுத்திறனாளி. அவருக்கு வேறு உதவி எங்கிருந்து வரும் என்பதைத் திட்டத்திலேயே எழுதச் சொல்கிறது சட்டம். அதன் மிக நியாயமான பகுதி இதுவே.

ஏற்கெனவே குடியிருப்பவரின் நிலை இன்னும் உறுதியானது. எட்டாவது மாடியில் சக்கர நாற்காலியோடு வாழும் 40 வயதுக்காரரை, கட்டடம் முதியோருக்கென்று ஆகிவிட்டது எனக் காரணம் காட்டிக் காலி செய்யச் சொல்ல முடியாது. அவராக விரும்பி இடம் மாறினால், ஒத்த வசதியும் ஒத்த வாடகையும் உள்ள வீட்டோடு, சாமான் ஏற்றிச் செல்லும் நியாயமான செலவையும் வாரியமே தர வேண்டும்.

முதியோர் குடும்பம் என்பதற்கு, குடும்பத் தலைவரோ துணைவரோ 62 வயதை எட்டியிருந்தால் போதும். அவர் மாற்றுத்திறனாளியாக இருக்கலாம். உடன் இளையவர்களும் இருக்கலாம். முதியோர் போதிய அளவில் வராவிட்டால் 50 வயது கடந்தவர்களைச் சேர்க்கலாம். குடிவரத் தயாரான வீடு 60 நாளுக்கு மேல் பூட்டியே கிடந்தால், ஒதுக்கீட்டைப் பாராமல் தகுதியுள்ள மற்றக் குடும்பங்களுக்கும் திறந்துவிட வேண்டும்.

ஒதுக்கிய குடியிருப்பு வேண்டாம் என்று சொன்ன குடும்பத்தைப் பட்டியலில் பின்னுக்குத் தள்ளக் கூடாது. ஆனால் அங்கே வசிப்போரின் இனத்தையோ மதத்தையோ உடற்குறையையோ காரணமாக்கி மறுப்பவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. விதி சரியான இடத்தில் கோடு கிழித்திருக்கிறது! பராமரிப்புச் சேவைகளை ஏற்றே தீரவேண்டும் என்று எவரையும் வற்புறுத்தவும் முடியாது.

1964, 1968, 1973ஆம் ஆண்டுகளின் பாகுபாட்டுத் தடைச் சட்டங்கள் இந்தக் குடியிருப்புகளையும் கட்டுப்படுத்தும். 1968ஆம் ஆண்டு வீட்டுரிமைச் சட்டத்தின்படி, பாதிக்கப்பட்டவர் ஓராண்டுக்குள் மத்திய வீட்டுவசதித் துறையிடம் புகார் தரலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை.