குரல் எழும்பாத அழுகை

(முன்னாள் மாணவர் சந்திப்பில் குழந்தை மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இங்கே விலங்கியல் வகுப்பில் தவளை அறுத்தவன் நான். அந்த உரிமையில் ஒரே ஒரு நரம்பைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சில வருஷங்களுக்கு முன் சின்னமனூர்ப் பக்கத்துப் பாட்டி ஒருவர் மூன்று மாதப் பேரனைத் தூக்கி வந்தார். வெளியூரில் இருதய ஆபரேஷன் முடிந்து வந்த பிள்ளை. இருமல். சளி மருந்து கொடுத்தேன். பத்து நாளில் மறுபடி வந்தார். மறுபடி அதே மருந்து. மூன்றாம் தடவை பாட்டி சொன்னார்: "ஐயா, ஆப்பரேசனுக்கு முந்தி இவன் அழுதா தெருவே திரும்பிப் பாக்கும். இப்ப பூனைக்குட்டி மாதிரி முனங்குறான். பால் குடிக்கையிலதான் புரையேறுது." எனக்கு உறைக்காதது அவருக்கு உறைத்திருந்தது.

இடது குரல்நாணை அசைக்கும் நரம்பு நேரே தொண்டைக்குப் போவதில்லை. கம்பத்தில் பஸ் ஏறி உத்தமபாளையத்தில் இறங்க வேண்டியவர், தேனி வரை போய் வளைந்து திரும்பி வந்த கதைதான். நெஞ்சுக்குள் இறங்கி, பெருந்தமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறும். கருவிலிருக்கும்போது திறந்திருந்து, பிறந்தபின் மூடவேண்டிய இரத்தக்குழாய் ஒன்றும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. மூடாத அந்தக் குழாயை 1938-இல் பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமிக்கு முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டினார். அந்தக் குழாயைக் கட்டினாலும், தமனி வளைவைச் சீர்செய்தாலும், கைதேர்ந்த நிபுணரிடம்கூட நரம்பு இழுபடலாம். உயிர் காக்கும் ஆபரேஷன். அதற்காகத் தள்ளிப்போடக் கூடாது.

அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பார்கள். இந்தப் பிள்ளைகளுக்கு அழுகையும் எழும்பாது, பாலும் ஒழுங்காக இறங்காது. சிலருக்கு இருமல்கூட இல்லாமல் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். மூச்சுக்குழாய் வைத்ததால் வரும் கரகரப்பு பெரும்பாலும் சில நாளில் தணியும். தணியாவிட்டால், மூக்கு வழியே மெல்லிய கேமரா விட்டுப் பார்த்தால் நிமிஷத்தில் தெரிந்துவிடும். மூச்சு விடும்போதே கீச்சென்று சத்தம் வந்தால் மட்டும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வைத்தியம் பெரும்பாலும் பொறுமைதான். ஒருக்களித்துப் பால் கொடுப்பது, சில வாரம் மூக்குக் குழாயில் ஊட்டுவது. பாலைக் கெட்டியாக்குவது டாக்டர் சொன்னால் மட்டும். பல பிள்ளைகளுக்கு மாதக் கணக்கில் நரம்பு தேறும், அல்லது வலது நாண் ஈடுகட்டிக்கொள்ளும்.

1996-இல் பிறந்த நம் மாவட்டத்துக்குப் பிறகு மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆபரேஷன் முடிந்து பள்ளத்தாக்குக்குத் திரும்பும் பிள்ளைகளை அங்கோ, என்னைப் போன்றவர்களிடமோ காட்டும்போது, அழுகை முன்போல் இருக்கிறதா என்பதை நீங்களே சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்துவிடுகிறோம்.

அந்தப் பேரன் ஆறு மாதம் கழித்து ஊசி போட வந்தான். வராந்தா முழுக்கக் கேட்டது. பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.