கல்லாப்பெட்டியைக் காலி செய்யும் நோய்

(புதுவையில் வணிகர்களும் இளைஞர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



   

இட ஒதுக்கீடு, வக்ஃபு சொத்து என்று முழங்க வேண்டிய மேடையில் இரத்த அழுத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறாரே என்று சிலர் நினைக்கலாம். பேசித்தான் ஆக வேண்டும், சகோதரர்களே!

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் துண்டு விரிக்கிறோம். யாருக்கு? "இன்னாருக்கு நெஞ்சுவலி, ஆபரேஷன் செய்ய வேண்டும்" என்கிறார்கள். நேற்றுவரை கல்லாவில் அமர்ந்து ஏழைகளுக்கு ஸதகா கொடுத்தவர், இன்று வாங்கும் இடத்திற்கு வந்துவிட்டார். அவரைச் சாய்த்தது வியாபார நஷ்டம் அல்ல, இதயநோய்!

நம் ஊரின் நிலை என்ன? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் நாடு முழுவதும் ஒரு இலட்சத்துப் பதின்மூன்றாயிரம் பேரைப் பரிசோதித்து, 2023-ல் முடிவை வெளியிட்டன. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 11.4 சதவீதம், புதுவையில் 26.3 சதவீதம். கோவாவுக்கு அடுத்து நாம்தான்! தொந்தி விழுந்தவர்கள் நாட்டில் 39.5 சதவீதம், புதுவையில் 61.2 சதவீதம். இதில் இந்தியாவிலேயே முதலிடம்! பெருமைப்பட வேண்டிய இடமா இது?

உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, தொந்தி. இந்த ஐந்தும் சத்தமில்லாமல் இரத்தக் குழாயை அரிக்கும் கறையான்கள். பெரும்பாலும் வலிக்காது. வலிக்கும் அன்று மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வந்து நிற்கும். 2004-ல் 52 நாடுகளில் நடந்த ஒரு பெரும் ஆய்வு, முதல் மாரடைப்புக்கான அபாயத்தில் சுமார் 90 சதவீதம் இவை போன்ற ஒன்பது காரணங்களில் அடங்கிவிடும் என்று காட்டியது. அதற்குத் தலைமை தாங்கியவர் கேரளத்தில் பிறந்த நம் சகோதரர் டாக்டர் ஸலீம் யூசுப்.

வணிகர்களே, உங்கள் மொழியிலேயே கணக்குப் பார்ப்போம். சாதாரண இரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் விலை, ஒரு தேநீரின் விலைக்குள் அடங்கும். அதை மிச்சம் பிடித்தவர் பின்னால் என்ன கொடுக்கிறார்? மருந்து பூசிய ஸ்டென்ட் ஒன்று ஒரு இலட்சத்திற்கு மேல் விற்றது. 2017 பிப்ரவரியில் அரசு தலையிட்டு 29,600 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டியது. பிறகு அந்த வரம்பு பலமுறை திருத்தப்பட்டது. அது ஸ்டென்ட் விலை மட்டும்தான். மருத்துவமனைக் கட்டணம் தனி. ஆயுள் முழுவதும் மாத்திரை தனி. பூட்டிக் கிடக்கும் கடை, நின்றுபோகும் மகனின் படிப்பு, விற்கப்படும் மனைவியின் நகை ஆகியவற்றை எந்த பில்லிலும் எழுதமாட்டார்கள். கடைசியில் பலர் போய் நிற்பது வட்டிக்கடை வாசலில்! ஹராம் என்று தெரிந்தும், வேறு வழியின்றி!

அமெரிக்காவின் சிகாகோவில் நடந்து, 1998-ல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். நடுவயதில் இந்த ஆபத்துகள் இல்லாதவர்களுக்கு, 65 வயதுக்குப் பின் ஆண்டு மருத்துவச் செலவு மற்றவர்களுடையதில் ஆண்களுக்கு மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பெண்களுக்குப் பாதிக்கும் குறைவு. நாற்பது வயதில் உடம்பைக் காப்பது, முதுமைக்குச் சேர்த்து வைக்கும் வட்டியில்லா மூலதனம்!

அரசுக்குக் கடமை இல்லையா? உண்டு! 2021-22 கணக்குப்படி, நாட்டின் மருத்துவச் செலவில் 39.4 சதவீதத்தை மக்கள் தங்கள் கையிலிருந்தே கொடுத்தார்கள். 2018-ல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம் குடும்பத்திற்கு ஆண்டுக்கு ஐந்து இலட்சம் தருகிறது. ஆனால் அது மருத்துவமனையில் படுத்தால்தான்! வீட்டிலிருந்து மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்குப் பொருந்தாது. படுத்த பிறகு ஐந்து இலட்சம், படுக்காமல் காக்க எவ்வளவு என்று கேட்க வேண்டாமா? முப்பது வயதைக் கடந்த அனைவருக்கும் பரிசோதனை என்பது அரசின் திட்டமே. அதைக் கடைத்தெருவுக்கே, கடை அடைக்கும் நேரத்தில், கொண்டு வா என்று கேட்பது நம் உரிமை.

ஜமாஅத்தார்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆபரேஷனுக்கு வசூல் செய்கிறோம். மாத்திரைக்கு என்றாவது வசூல் செய்திருக்கிறோமா? பைத்துல்மாலில் ஒரு பகுதியை ஏழைகளின் மாதாந்திர மருந்துக்கு ஒதுக்குங்கள். மாதம் ஒரு ஜும்ஆவுக்குப் பின் இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். பள்ளிக்கு வராத நம் தாய்மார்களுக்கு வீடு தேடிச் சென்று பாருங்கள். இளைஞர்களே, அந்தப் பொறுப்பு உங்களுடையது. முதலில் கையில் இருக்கும் சிகரெட்டைக் கீழே போடுங்கள்! மாத்திரை சாப்பிடுபவர்கள், "குறைந்துவிட்டது" என்று தாமாக நிறுத்தாதீர்கள். ரமளானில் நோன்பு நோற்கும் முன் மருத்துவரைக் கலந்து நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இந்த உடல் அல்லாஹ் தந்த அமானிதம். கடைக்குத் தினமும் கணக்குப் பார்க்கும் நாம், இந்த அமானிதத்திற்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது கணக்குப் பார்ப்போம். பள்ளிவாசல் வாசலில் விரிக்கப்படும் துண்டு குறையட்டும், இன்ஷா அல்லாஹ்!