விசாரணைக்கு முன்பே தண்டனை



ஒருவரைக் கைது செய்து சிறையில் அடைக்கும் அரசு, அவர் செய்ததாகத் தான் கூறும் குற்றத்தை நீதிமன்றத்தில் மெய்ப்பித்தாக வேண்டும் என்பது இந்நாட்டுக் குற்றவியல் நீதியின் அடித்தளம். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டம், அதாவது செய்தித்தாள்கள் ஊபா என்று சுருக்கிச் சொல்லும் 1967ஆம் ஆண்டுச் சட்டம், 2008ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு அந்த அடித்தளத்தையே தகர்த்துவிட்டது. மெய்ப்பிக்க வேண்டிய நாள் வருவதற்கு முன்பே ஆண்டுக்கணக்கில் ஒருவரை அடைத்துவைக்க அச்சட்டத்தின் 43-டி(5) பிரிவு வழி செய்கிறது. அப்பிரிவு நீக்கப்பட வேண்டும் என்று கோரவே இக்கூட்டம் கூடியிருக்கிறது.

அப்பிரிவு செயல்படும் விதத்தை அவையோர் நுணுக்கமாக அறிந்துகொள்வது நல்லது. சாதாரணக் குற்ற வழக்கில் காவல் துறை 60 நாளுக்குள், கடுங்குற்றமாயின் 90 நாளுக்குள், குற்றப்பத்திரிகையை, அதாவது புலன்விசாரணையின் முடிவில் இன்னார் இன்ன குற்றம் செய்தார் என்று கூறும் அறிக்கையை, தாக்கல் செய்யாவிட்டால் பிணையில் வெளிவருவது கைதானவரின் உரிமையாகிவிடும். ஊபா வழக்கில் இந்தக் கெடுவை 180 நாள் வரை நீதிமன்றம் நீட்டிக்கலாம். குற்றப்பத்திரிகை வந்தபின்னும் நிலைமை மாறுவதில்லை. ஏனெனில், வழக்கு நாட்குறிப்பையோ குற்றப்பத்திரிகையையோ படித்துப் பார்க்கும் நீதிபதிக்கு, குற்றச்சாட்டு முதல்நோக்கில் உண்மை, அதாவது மேலோட்டமாகப் பார்க்கையில் உண்மையாகத் தோன்றுகிறது, என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாகப்பட்டால், பிணை வழங்கவே கூடாது என்று அப்பிரிவு விதிக்கிறது. நீதிபதி படிப்பவை அனைத்தும் காவல் துறை எழுதிய தாள்கள். அவற்றில் பேசும் சாட்சியைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யும் வாய்ப்பு அந்தக் கட்டத்தில் குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கிடையாது. பல வழக்குகளில் அந்தச் சாட்சியின் பெயர்கூட அவருக்குத் தெரிவிக்கப்படுவதில்லை.

2019ஆம் ஆண்டு ஏப்ரலில் வட்டாலி வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இந்தப் பூட்டை மேலும் இறுக்கியது. பிணைக் கட்டத்தில் சான்றுகளை நுணுகி எடைபோடக் கூடாது என்றும், ஓர் ஆவணம் சாட்சியமாக ஏற்கத்தக்கதா என்பதும் அப்போது ஆராயத்தக்கதன்று என்றும் அத்தீர்ப்பு கூறியது. அதன் விளைவு கொடியது: இறுதி விசாரணையில் தள்ளுபடி ஆகக்கூடிய ஒரு தாளே, அந்த விசாரணை வரும்வரை ஒருவரைச் சிறையில் வைத்திருக்கப் போதுமானதாகிவிட்டது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் கே.ஏ. நஜீப் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர் 5 ஆண்டுக்கும் மேலாகச் சிறையில் இருந்த நிலையில் இன்னும் 276 சாட்சிகள் விசாரிக்கப்பட வேண்டியிருந்ததைச் சுட்டிக்காட்டி, விரைவான விசாரணைக்கான உரிமை மீறப்படும்போது 43-டி(5) பிரிவு பிணைக்குத் தடையாகாது என்று அதே நீதிமன்றம் அறிவித்தது. இருந்தும் 2024ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஓர் அமர்வு, பிணையே விதி, சிறை விலக்கு என்னும் கொள்கைக்கு ஊபா வழக்கில் இடமில்லை என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் வேறோர் அமர்வு, ஊபா வழக்கிலும் அந்தக் கொள்கை பொருந்தும் என்றது. தம் வழக்கு எந்த அமர்வின் முன் பட்டியலிடப்படுகிறது என்பதைப் பொறுத்து ஒரு மனிதரின் சுதந்திரம் நிலைப்பதோ பறிபோவதோ சட்டத்தின் ஆட்சி ஆகாது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்டில் பழங்குடி மக்களின் நில உரிமைக்காகப் பல்லாண்டுகள் உழைத்த ஏசு சபைத் துறவி ஸ்டேன் சுவாமி, 2020ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் ராஞ்சியில் தேசியப் புலனாய்வு முகமையால் ஊபாவின்கீழ் கைது செய்யப்பட்டபோது அவருக்கு வயது 83. நடுக்குவாத நோயால் கை நடுங்கி, தண்ணீர்க் குவளையைப் பிடிக்க முடியாத நிலையில், உறிஞ்சு குழாய் வைத்த குவளை ஒன்றைப் பயன்படுத்த அனுமதி கேட்டு அவர் நீதிமன்றத்தில் மனு செய்ய வேண்டியிருந்தது. அந்த மனுவுக்குப் பதில் கூறப் புலனாய்வு முகமை 20 நாள் அவகாசம் கேட்டது. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் சிறப்பு நீதிமன்றம் அவருக்குப் பிணை மறுத்தது. ஜூலை 5ஆம் நாள், மும்பை மருத்துவமனையில், விசாரணை தொடங்காமலே, கைதியாகவே அவர் இறந்தார். அவர்மீதான குற்றச்சாட்டு உண்மையா பொய்யா என்று சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லும் கடமை இந்த நாட்டுக்கு இருந்தது. அக்கடமை நிறைவேறவே இல்லை.

இத்தகைய சட்டங்களின் சுவையைத் தமிழ்நாடு முன்பே அறிந்திருக்கிறது. 1985ஆம் ஆண்டு 2 ஆண்டு ஆயுளுடன் பிறந்து, 1987ஆம் ஆண்டு மீண்டும் இயற்றப்பட்டு, 1995ஆம் ஆண்டு காலாவதியான தடா சட்டம், காவல் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரி பதிவு செய்யும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்றது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தடா வழக்கில் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால் வழக்கு நேரே உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1999ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் 19 பேரை விடுவித்ததுடன், தடா சட்டத்தின்கீழ் பயங்கரவாதக் குற்றம் நிறுவப்படவில்லை என்றும் தீர்ப்பளித்தது. ஆனால் அச்சட்டத்தின்படி பெறப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. எஞ்சியவர்கள் தண்டிக்கப்பட்டதற்கு அவையே பெருந்துணையாயின. அவர்களுள் ஒருவரான பேரறிவாளன் வாங்கிக் கொடுத்த 9 வோல்ட் பேட்டரிகள் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் எழுதாமல் விட்டதாக, அந்த வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரியே 2013ஆம் ஆண்டு வெளிப்படையாகக் கூறினார். பேரறிவாளனை உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது 2022ஆம் ஆண்டு மே 18ஆம் நாள்; 19 வயதில் சிறை சென்றவருக்கு அப்போது 50 வயது.

பின்னர் 2002ஆம் ஆண்டு அதே வகைச் சட்டமான பொடா வந்தது. திருமங்கலம் பொதுக்கூட்டத்தில் பேசிய பேச்சுக்காக அரசியல் தலைவர் வைகோ அச்சட்டத்தின்கீழ் ஒன்றரை ஆண்டுக்கும் மேல் வேலூர்ச் சிறையில் இருந்தார். 2004ஆம் ஆண்டு பொடா நீக்கப்பட்டபோது பலர் மகிழ்ந்தனர். ஆனால் அதே நேரத்தில் அதன் பயங்கரவாத வரையறை ஊபாவுக்குள் கொண்டுவரப்பட்டது. மும்பைத் தாக்குதலுக்குப் பின் 2008ஆம் ஆண்டு நீண்ட காவலும் பிணைத் தடையும் அதில் சேர்ந்தன. காவல் துறை பெறும் வாக்குமூலத்தை ஊபா சாட்சியமாக ஏற்பதில்லை என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும். எனினும் தடாவுக்கும் பொடாவுக்கும் காலாவதி நாள் இருந்தது. நாடாளுமன்றம் குறித்த காலத்தில் அவற்றை மீண்டும் எடுத்து ஆராயாவிட்டால் அவை தாமாகவே மடிந்துபோகும். ஊபாவுக்கு அத்தகைய நாள் கிடையாது. தற்காலிகம் என்று சொல்லிக் கொண்டுவந்த கொடுமை நிரந்தரச் சட்டத்தில் குடியேறிவிட்டது என்பதே இந்த 40 ஆண்டு வரலாறு.

மத்திய அரசு நாடாளுமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 2018 முதல் 2020 வரை ஊபாவின்கீழ் கைதானவர்கள் 4,690 பேர். அதே மூன்றாண்டில் தண்டிக்கப்பட்டவர்கள் 149 பேர். கைதானவரும் தண்டனை பெற்றவரும் ஒரே வழக்குகளைச் சேர்ந்தவராக இருக்க வேண்டியதில்லை என்றாலும், இவ்வளவு பெரிய இடைவெளிக்கு அரசு விளக்கம் சொல்லியாக வேண்டும்.

கோவையில் 1998ஆம் ஆண்டு குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டதை இந்த அவையில் எவரும் மறக்கவில்லை. அத்தகைய கொலைகாரர்களை வெளியே விடச் சொல்கிறீர்களா என்று எதிர்த்தரப்பு கேட்கும். அதற்கு மும்பைத் தாக்குதல் வழக்கே விடை. 2008ஆம் ஆண்டு நவம்பரில் பிடிபட்ட அஜ்மல் கசாப்பின்மீது ஆர்தர் சாலைச் சிறையில் அமைந்த சிறப்பு நீதிமன்றம், 600க்கும் மேற்பட்ட சாட்சிகளின் சாட்சியத்தைப் பதிவு செய்து, 2010ஆம் ஆண்டு மே மாதம் தீர்ப்பளித்தது. நாடே கொதித்துக்கொண்டிருந்த அவ்வழக்கில், உடன் குற்றம் சாட்டப்பட்ட இந்தியர் இருவரை அதே நீதிமன்றம் சான்று போதாதென்று விடுவித்தது. 2012ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அரசு மனம் வைத்தால் ஒன்றரை ஆண்டில் விசாரணையை முடிக்க முடியும் என்பதும், சாட்சிகளை முறையாக விசாரித்தால்தான் கொலையாளியையும் குற்றம் நிறுவப்படாதவரையும் பிரித்தறிய முடியும் என்பதும் அங்கே தெளிவாயின. 43-டி(5) பிரிவு இன்று பறிப்பது அந்தப் பிரித்தறிதலைத்தான்.

ஆகவே இக்கூட்டத்தின் கோரிக்கைகள் அடுத்துவரும் நாடாளுமன்றக் கூட்டத்தொடருக்கு முன்பே தமிழ்நாட்டின் 39 மக்களவை உறுப்பினர்களிடமும் எழுத்து வடிவில் சேர்க்கப்பட வேண்டும். 43-டி(5) பிரிவு நீக்கப்பட்டு, பிணை பற்றிய முடிவு, மற்ற வழக்குகளில் இருப்பதுபோல, நீதிபதியின் முழு ஆய்வுக்கு விடப்பட வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலான நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் விசாரணை முடியாவிட்டால், தாமதம் குற்றம் சாட்டப்பட்டவரால் நேராத வரை, அவர் பிணையில் விடப்பட வேண்டும். சிறையில் ஆண்டுகள் கழித்துக் குற்றமற்றவர் என விடுதலையாவோருக்கு இழப்பீடு தரும் கடமை சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். விசாரணையின்றித் தனிமனிதரைப் பயங்கரவாதி என்று அறிவிக்க மத்திய அரசுக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் தந்த அதிகாரம் திரும்பப் பெறப்பட வேண்டும். அந்தத் திருத்தம் மாநிலங்களவையில் 147க்கு 42 என்னும் வாக்குக் கணக்கில் நிறைவேறியது. வாக்குக் கேட்டுத் தெருவுக்கு வரும் ஒவ்வொரு கட்சியிடமும் அன்று தன் உறுப்பினர்கள் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள் என்று அவையோர் கேட்டு, அதற்கான பதிலை எழுதி வாங்க வேண்டும்.