இழு, திருப்பு, ஆட்டிப் பார்: சோவியத் கேமராவும் உள்ளே போற லென்ஸும்

இன்னைக்கு கொஞ்சம் மெக்கானிக்கல் எபிசோட். பழைய சோவியத் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவுல கொலாப்சிபிள் லென்ஸ், அதாவது டெலஸ்கோப் மாதிரி உள்ள தள்ளி வைக்கிற லென்ஸ், அதை எப்படி மாட்டுறதுன்னு பேசப் போறோம். யாராவது ஒருத்தர் இதைக் கேட்டு ஒரு ரோல் ஃபிலிமைக் காப்பாத்திக்கிட்டா எனக்குப் போதும். ஏன்னா நான் ஒண்ணைத் தொலைச்சுட்டேன்.

எங்க அப்பா 31 வருஷம் பஸ் டிரைவர். போன வருஷம் ரிட்டயர் ஆனார். கடைசி டிரிப் விடியக்காலை 5 மணிக்கு. கூட வேலை பார்த்தவங்க வண்டிக்கு மாலை, வாழை மரம் எல்லாம் கட்டியிருந்தாங்க. நான் என்ன பண்ணேன்? ஃபோனை அம்மா கையில கொடுத்துட்டு, புதுசா வாங்கின பழைய சோர்க்கி கேமராவைத் தூக்கிட்டுப் போனேன். லென்ஸ் இண்டஸ்டார்-22. 36 ஃபிரேமும் எடுத்தேன். கழுவி வந்தப்போ முதல் 5 படம் அருமை. மிச்சம் 31 படமும் பனிமூட்டம்.

அப்பா பிரிண்டைப் பார்த்துட்டுச் சொன்னது: "பஸ்ஸு தெரியுதுடா. ஓட்டுனவனத்தான் காணோம்."

என்ன நடந்துச்சுன்னு புரிய, கொஞ்சம் வரலாறு வேணும்.

1920-கள்ல ஜெர்மனியில ஆஸ்கர் பர்னாக் உருவாக்கின லைக்கா கேமராவோட யோசனையே 'பாக்கெட்டுக்குள்ள போகணும்' என்பதுதான். 50 மிமீ லென்ஸ் வெளிய நீட்டிக்கிட்டு இருந்தா பாக்கெட்ல போகாது. அதனால எல்மார் லென்ஸை ஒரு குழாய்ல வெச்சு, வேலை முடிஞ்சதும் கேமராவுக்குள்ளயே தள்ளி வைக்கிற மாதிரி செஞ்சாங்க. உள்ள ஃபிலிமுக்கு முன்னாடி காலி இடம் இருக்கு இல்லையா, அதைப் பயன்படுத்திக்கிட்டாங்க.

சோவியத் யூனியன்ல, இப்போ உக்ரைன்ல இருக்கிற கார்கிவ் நகரத்துல, ஆதரவில்லாத பிள்ளைகளுக்காக ஒரு கம்யூன் இருந்துச்சு. அதை நடத்தினவர் கல்வியாளர் ஆன்டன் மகரென்கோ. அங்க லைக்காவை அப்படியே பார்த்துச் செய்ய ஆரம்பிச்சு, 1934-ல வரிசையா உற்பத்திக்கு வந்ததுதான் ஃபெட் கேமரா. ஃபெலிக்ஸ் எட்முண்டோவிச் ஜெர்ஜின்ஸ்கியோட பேருக்கு முதல் எழுத்துகள்தான் ஃபெட். போர் வந்தப்போ 1941-ல தொழிற்சாலையை சைபீரியா பக்கம் பெர்ட்ஸ்குக்கு மாத்தினாங்க. போருக்குப் பிறகு மாஸ்கோவுக்குப் பக்கத்துல கிராஸ்னோகோர்ஸ்க் தொழிற்சாலையும் இதே டிசைனை எடுத்து, 1948-ல சோர்க்கின்னு பேர் வெச்சது. 'கூர்மையான பார்வை உள்ள'ன்னு அர்த்தம். என் 31 படத்தைப் பார்த்தா அந்தப் பேர் வெச்சவங்க அழுதிருப்பாங்க.

சரி, விஷயத்துக்கு வருவோம். லென்ஸ் மாட்டுறதுல மூணு இடத்துல தப்பு நடக்கும்.

முதல் தப்பு: மரை சேர்ந்தா லென்ஸ் சேர்ந்ததுன்னு நம்புறது. ஃபெட், சோர்க்கி ரெண்டுக்கும் 39 மிமீ மரை. லென்ஸ் உட்கார்ற முகப்புல இருந்து ஃபிலிம் வரைக்கும் 28.8 மிமீ தூரம். ஆனா ஆரம்பகால ஜெனிட் எஸ்.எல்.ஆர். கேமராவுக்கும் அதே 39 மிமீ மரைதான். தூரம் மட்டும் 45.2 மிமீ. அந்த லென்ஸை வாங்கி சோர்க்கியில மாட்டினா அழகா ஏறும், ஆனா போட்டோ ஒண்ணும் தெளிவா விழாது. நம்ம பாஷையில சொன்னா, போர்ட் நம்பர் ஒண்ணு, புரோட்டோகால் வேற. குறிப்பா இண்டஸ்டார்-50 வாங்குறப்போ பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்க. அந்தப் பேர்ல ரேஞ்ச்ஃபைண்டருக்கும் லென்ஸ் இருக்கு, ஜெனிட்டுக்கும் இருக்கு. இன்னொண்ணு: போருக்கு முந்தைய ஃபெட்ல இந்த 28.8 கணக்கே நிலையா இல்லை. ஒவ்வொரு பாடிக்கும் அதோட லென்ஸைத் தனியா இழைச்சுக் கொடுத்தாங்க. அந்த ஜோடியைப் பிரிச்சா ஃபோகஸ் போயிடும். கீவ் கேமரா இந்தக் கணக்குலயே வராது. அது கான்டாக்ஸ் வழி வந்தது, மரையே கிடையாது.

மாட்டுறப்போ லென்ஸ் குழாயை வெளிய இழுத்துப் பூட்டிட்டு மாட்டுங்க. உள்ள தள்ளின நிலையில மாட்டினா பின்முனை எங்க இடிக்குதுன்னு தெரியாது. மரை ஏத்துறதுக்கு முன்னாடி ஒரு சுத்து இடப்பக்கமா திருப்புங்க. 'டக்'னு மரை விழுற இடம் விரல்ல தெரியும். அங்கிருந்து வலப்பக்கமா ஏத்துங்க. அலுமினியம் மரை ஒரு தடவை கோணலா ஏறிட்டா அவ்வளவுதான்.

இரண்டாவது தப்பு: எல்லா பாடியிலயும் உள்ள தள்ளலாம்னு நினைக்கிறது. சோர்க்கி முதல் மாடலும் பழைய ஃபெட்டும் இந்த மாதிரி லென்ஸுக்காகவே செஞ்சது. பிறகு வந்த மாடல்கள்ல பாடி பெருசாச்சு, அதோட நீளம் மாறாத லென்ஸ் கொடுக்க ஆரம்பிச்சாங்க. அப்போ உள்ளே இருக்கிற தடுப்புகளும் மாறிப்போச்சு. ஜெர்மன் லென்ஸ் போடுறவங்களுக்கு இன்னும் கவனம் வேணும். சும்மிட்டார் மாதிரி லென்ஸோட குழாய் எல்மாரை விடத் தடிமன்.

அதனால தள்ளிப் பார்த்துக் கண்டுபிடிக்காதீங்க. லென்ஸைக் கழட்டி, ஃபோகஸை இன்ஃபினிட்டியில வெச்சு, கையில வெச்சே உள்ள தள்ளுங்க. முகப்புல இருந்து பின்முனை எவ்வளவு நீட்டுதுன்னு வெர்னியர்ல அளங்க. குழாயோட விட்டத்தையும் அளங்க. அப்புறம் கேமரா வாய்க்குள்ள டார்ச் அடிச்சு அந்த அளவுக்கு இடம் இருக்கான்னு பாருங்க. உள்ள பின்னாடி தெரியற கறுப்புத் துணிதான் ஷட்டர் திரை. ரப்பர் பூசின வயசான துணி, உரசினா தாங்காது. சந்தேகம்னா உள்ள தள்ளவே வேண்டாம். குழாயைச் சுத்தி தடிமனான லேபிள் டேப்பை ஒட்டிட்டா அதுவே ஸ்டாப்பர். சில லட்சியவாதிகள் 'அப்போ கொலாப்சிபிள் எதுக்கு'ன்னு கேப்பாங்க. ஷட்டர் மாத்துற செலவைக் கேட்டா அமைதியாயிடுவாங்க.

மூணாவது தப்பு, நான் பண்ணது. அந்தக் காலையில 5 படம் எடுத்துட்டு, மழைத்தூறல்னு லென்ஸை உள்ள தள்ளி ஜாக்கெட் பாக்கெட்ல போட்டேன். வண்டி கிளம்பப் போகுதுன்னதும் அவசரமா எடுத்தேன். இழுத்தேன். ஆனா திருப்பிப் பூட்டலை. இந்த லென்ஸை முழுசா இழுத்து, வலப்பக்கமா சின்னதா ஒரு திருப்புத் திருப்பினாத்தான் பூட்டும். இல்லைன்னா விரல் பட்டாலே கொஞ்சம் உள்ள நழுவும்.

கேவலம் கொஞ்சம்தானேன்னு தோணும். கணக்குப் போடுங்க. 50 மிமீ லென்ஸ், எஃப் 3.5-ல முழுசா திறந்திருக்கு. லென்ஸ் 1 மிமீ உள்ள போனா, தூரத்துல இருக்கிற ஒரு புள்ளி ஃபிலிம்ல கிட்டத்தட்ட 0.29 மிமீ வட்டமா விரியும். 35 மிமீ ஃபிலிமுக்கு வழக்கமா 0.03 மிமீ வரைக்கும்தான் தெளிவுன்னு கணக்கு. பத்து மடங்கு! வெயில்ல எஃப் 16-ல எடுத்திருந்தா ஓரளவு தப்பிச்சிருக்கும். விடியக்காலை 5 மணிக்கு அந்த வசதி இல்லை.

என்னை ரொம்ப நாள் உறுத்தின கேள்வி வேற. ஃபோகஸ் பார்த்துத்தானே எடுத்தேன்? ரெண்டு அப்பாவும் ஒரே அப்பாவா சேர்ந்த பிறகுதானே ஷட்டரை அமுக்கினேன்?

அங்கதான் விஷயம். ரேஞ்ச்ஃபைண்டர்ல நாம லென்ஸ் வழியா பார்க்கிறதில்லை. மேல இருக்கிற தனி ஜன்னல் வழியா பார்க்கிறோம். ஃபோகஸ் வளையத்தைத் திருப்பினா லென்ஸோட பின்பக்க வளையம் முன்ன பின்ன போகும். அது கேமராவுக்குள்ள ஒரு நெம்புகோலைத் தள்ளும். அந்த நெம்புகோல் ஜன்னல்ல பிம்பத்தை நகர்த்தும். கண்ணாடி உட்கார்ந்திருக்கிற குழாய்க்கும் இந்தச் சங்கிலிக்கும் சம்பந்தமே இல்லை. குழாய் முழுக்க உள்ள கிடந்தாலும் ஜன்னல்ல பிம்பம் அழகா சேரும். ஹெல்த் செக் பச்சை காட்டுது, சர்வீஸ் படுத்திருக்கு. ஆபீஸ்ல இதுக்காக எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்!

இதை அப்பாகிட்ட பேப்பர்ல வரைஞ்சு விளக்கினேன். முழுசா கேட்டுட்டு, "டேஷ்போர்டுல காத்து முள்ளு சரியாத்தான் காட்டும். அதுக்காக பிரேக்க மிதிச்சுப் பாக்காம டெப்போவை விட்டு வண்டிய எடுப்பியா?"ன்னார்.

"எடுக்க மாட்டேன்பா."

"நான் 31 வருஷம் எடுக்கல."

அவ்வளவுதான் பேச்சு. அப்புறம் எழுந்து டீ போடப் போயிட்டார்.

இப்போ என் கேமரா மேல தட்டுல ஒரு ஸ்டிக்கர் இருக்கு: இழு, திருப்பு, ஆட்டிப் பார். மூணாவதுதான் முக்கியம். பூட்டின பிறகு குழாயை ரெண்டு விரல்ல பிடிச்சு உள்ள தள்ளிப் பாருங்க. அசையலைன்னா எடுங்க. ரெண்டு செகண்ட் வேலை. கழட்டுற பின்கதவு இருக்கிற சோர்க்கி-4, ஃபெட்-2 மாதிரி பாடி வெச்சிருந்தா, ஃபிலிம் போடுறதுக்கு முன்னாடி ஃபிலிம் ஓடுற தடத்துல டிரேசிங் பேப்பரை இறுக்கி ஒட்டி, ஷட்டரை 'பி'யில திறந்து வெச்சு, பிம்பம் தெளிவா விழுதான்னும் பார்த்துடலாம். என் முதல் மாடல்ல அடித்தட்டு மட்டும்தான் கழலும், அதனால எனக்கு விரல்தான் டெஸ்ட்.

அம்மா ஃபோன்ல எடுத்த நாலு படம் இருக்கு. வீட்டு ஹால்ல மாட்டியிருக்கிறது அதுல ஒண்ணு. என்னோட 31-ல ஒண்ணை மட்டும் அப்பா பிரிண்ட் போட்டுக் கேட்டு வாங்கி, அவரோட பழைய லைசென்ஸ் கவர்ல வெச்சிருக்கார். மஞ்சள் ஹெட்லைட் ரெண்டும் பெரிய வட்டமா விரிஞ்சிருக்கிற படம். ஏன்னு நான் இன்னும் கேக்கலை.

அடுத்த எபிசோட்ல ஷட்டர் திரை ஓட்டையை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு பார்ப்போம். அதுவரைக்கும், கேமராவைக் கையில எடுத்தா முதல்ல லென்ஸை ஆட்டிப் பாருங்க. பை!