'சொந்தக் காரணம்' என்பது யாருடைய காரணம்?

(குருவிகுளத்தில், வெளியூர் வேலைகளுக்குப் போய்வரும் இளைஞர்கள் நடுவில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தால் சுலபமாக முடித்துவிட்டுப் போயிருப்பேன். "பழைய வேலைய ஏன் விட்டேன்னு இன்டர்வியூல கேக்காவ, என்னண்ணே சொல்ல?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். பார்க்கச் சின்னக் கேள்விதான். அதுக்குள்ள முழுச் சாதியும் சம்மணம் போட்டு உக்காந்திருக்கு.

நம்ம தாத்தாமார்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. இது ஜமீன் ஊர். பண்ணையாளாக நின்றவன் வேலையை விடுவதாவது! அப்பன் வாங்கின கடனுக்கு மகன் மாடு மேய்க்கணும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்ததே 1976இல்தான். விட்டுவிட்டுப் போவது என்பதே நாம் புதிதாக அடைந்த உரிமை. அந்த உரிமையைப் பயன்படுத்தினவனிடம்தான் கணக்குக் கேட்கிறார்கள்.

நம்மில் முதல் பட்டதாரிகளுக்கு நடந்ததைப் பார்ப்போம். 1917இல் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா சமஸ்தான வேலைக்குப் போகிறார். உதவித்தொகை கொடுத்த சமஸ்தானம். பத்து வருஷம் வேலை செய்வதாக ஒப்பந்தம். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித்தான் மாடி கிடைக்கிறது. அலுவலகத்தில் பியூன்கள் கோப்புகளை மேசைமேல் வீசினார்கள், குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை என்று தனஞ்செய் கீர் எழுதுகிறார். பதினோராம் நாள் தடியோடு ஒரு டஜன் பார்சிகள் வந்து, சாயங்காலத்துக்குள் காலி செய் என்கிறார்கள். ஒரு வாரம் தவணை கேட்டுக் கெஞ்சியிருக்கிறார், கொடுக்கவில்லை. ஒரு இந்து நண்பர், நீ என் வீட்டுக்கு வந்தால் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்கிறார். கிறிஸ்தவ நண்பர், மனைவியைக் கேட்கணும் என்கிறார். பம்பாய் ரயில் ராத்திரி ஒன்பது மணிக்கு. அதுவரை ஐந்து மணிநேரம் காமாட்டி பாக் பூங்காவில் உட்கார்ந்திருந்தார்.

இப்போ சொல்லுங்க. இவர் வேலையை 'விட்டாரா'? ஒரு மேலாளர் முன்னால் உட்கார வைத்து, "பத்து வருஷ ஒப்பந்தத்தைப் பாதியிலே முறிச்சிருக்கீங்களே மிஸ்டர் அம்பேத்கர்?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

1918 நவம்பரில் பம்பாய் சைடன்ஹாம் கல்லூரியில் தற்காலிகப் பேராசிரியர் ஆனார். மாதம் 450 ரூபாய். அங்கேயும் ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானையை அவர் தொடுவதற்கு எதிர்ப்பு வந்தது. பரோடாக் கதையைப் பதினெட்டு வருஷம் கழித்து உட்கார்ந்து எழுதினார். தடியோடு நின்றவர்களை நினைக்கும்போது இன்னும் கண்ணீர் வருகிறது என்கிறார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற அந்தச் சிறு நூல் 1990இல்தான் அச்சானது. வேலை கொடுப்பவனுக்காக எழுதியதல்ல அது. தீண்டாமை என்றால் என்னவென்று அயல்நாட்டாருக்குப் புரியவைக்க எழுதியது. எதை யாரிடம் சொல்வது என்பதை அவரிடமிருந்து நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அது பழைய கதை என்பவர்களுக்கு ஒரு கணக்கு. சுகதேவ் தோரட்டும் பால் அட்டெவெல்லும் 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். ஒரே தகுதி, வேறு வேறு சாதியைக் காட்டும் பெயர்கள்; தனியார் நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்போடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். நம்ம ஊரில் பேருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை என்று பெருமை பேசுகிறோம். போடாட்டி என்ன? "சொந்த ஊரு?" "குருவிகுளம்." "அதுல எந்தப் பக்கம்?" தெருவைச் சொன்னால் முடிந்தது. "பழைய எடத்துல என்ன பிரச்சின?" என்பது இதற்கு அடுத்த கேள்வியாக வரும்போது அதன் அர்த்தமே வேறு. 'இவன் ஒத்துப்போவானா, இல்ல எதுத்துப் பேசுவானா?' அவ்வளவுதான்.

நானும் வங்கிக்கு வருமுன் ஒரு தனியார் கடையில் கணக்கு எழுதினேன். பேர் வேண்டாம். ரெண்டு வருஷம் 'தம்பி'. எங்க ஊர்க்காரர் ஒருவர் சரக்கெடுக்க வந்து முதலாளியிடம் பேசிவிட்டுப் போன மறுநாளிலிருந்து 'ஏலே'. பானைக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு தனி டம்ளர் முளைத்தது. நிற்கிறேன் என்றேன். "சொந்தக் காரணத்தால விலகுறேன்னு எழுதிக் குடு" என்றார். 'இன்ன தேதியோடு நின்றுகொள்கிறேன்' என்று ஒரே வரி எழுதி நீட்டினேன். "காரணம் எங்க?" "அது ஒங்களுக்குத் தெரியுமே மொதலாளி, எழுதணுமா?" பேசாமல் வாங்கிக்கொண்டார்.

டம்ளர் அவருடையது, காரணம் மட்டும் என் சொந்தமா?

அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947இல் வந்தது. அதன் 41ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாசம் வேலை பார்த்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாச நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மேல்முறையீடு செய்யலாம். ஆனால் 'நானே விலகுகிறேன்' என்று நீ எழுதிக் கொடுத்துவிட்டால் நிறுத்தினதாகவே ஆகாது. அதனால்தான் துணிக்கடையில் பிள்ளைகளை வெளியே அனுப்பும்போது பேனாவைக் கையில் கொடுக்கிறார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதாதீர்கள். போகச் சொன்னால், "நீங்களே எழுத்துல குடுங்க" என்று கேளுங்கள். நீங்களாகப் போனால் தேதி மட்டும் போதும். ஒரு நகல் கையில் இருக்கட்டும்.

சுமங்கலித் திட்டத்தில் பஞ்சாலைக்குப் போன நம்ம பிள்ளைகளின் கதை இன்னும் கொடுமை. மூணு வருஷம் முடித்தால்தான் மொத்தப் பணம். பாதியில் வந்தவளிடம் மில்காரன் கேட்பதற்கு முன்னால் ஊரே கேட்டது, "ஏன் வந்தா?" என்று. அந்தக் கேள்வியில் நம் தெருவுக்கும் பங்கு உண்டு.

சரி, இன்டர்வியூவில் என்ன சொல்வது? உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு எழுந்து வா, அதுதான் சுயமரியாதை என்று மேடையில் பேசும் தோழர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு என்னைப் போல மாதச் சம்பளம் இருக்கிறது. உலை வைக்க அரிசி இல்லாதவனிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அடுத்த இடத்தில் என்னைக் கேட்டபோது, "பேரேடு பாத்தேன், ஜிஎஸ்டி தாக்கலும் நான்தான். அதுக்கு மேல அங்க கத்துக்க ஒண்ணுமில்ல" என்றேன். ஒரு சொல்லும் பொய்யில்லை. மிச்ச உண்மை என்னிடம் இருந்தது. அதைக் கேட்கும் யோக்கியதை அந்த நாற்காலிக்கு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் "ஒடம்பு சரியில்ல", "எனக்குக் கோவம் வரும்" என்று உங்கள்மேலேயே பழியைப் போட்டுக்கொள்ளாதீர்கள். அது அடுத்த பத்து வருஷம் உங்களோடு கூடவே வரும்.

மிச்ச உண்மையை ஒரு நோட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், சொன்ன வார்த்தை, பக்கத்தில் நின்றவர் யார். சாதிப் பேரைச் சொல்லி நாலுபேர் முன்னால் ஏசியிருந்தால் 1989ஆம் வருஷ வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. அங்கே அந்த நோட்டு பேசும்.

நான் எழுத்துத் தேர்வில் வந்தவன். வங்கிக் குமாஸ்தா வேலைக்கு இப்போது நேர்காணல் கிடையாது. மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகளிலும் 2016 முதல் எடுத்துவிட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்க அங்கே ஆள் இல்லை. தனியாரில் இடஒதுக்கீடும் இல்லை, வாயைக் கட்டவும் ஆள் இல்லை. அதைக் கேட்டுப் போராடுவது தனி வேலை, அது நடக்கட்டும்.

இப்போ ஒவ்வொருத்தரா எழுந்து, உங்ககிட்ட என்ன கேட்டாங்கன்னு சொல்லுங்க. பொம்பளப் பிள்ளைக மொதல்ல.